இரு கைகளும் இழைந்து பேசின

"அப்பா, அந்த மிருதங்க மாமா என்ன தப்பு பண்ணினார்?"

சாருலதாவுக்கு அப்போது ஆறு வயது. மார்கழிக் கச்சேரி ஒன்றுக்கு அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். பாடகர் பாட்டை நிறுத்தி மிருதங்கக்காரரைப் பார்த்துத் தலையசைத்தார். மிருதங்கம் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியது. உடனே அரங்கில் பாதிப் பேர் எழுந்து வாசலை நோக்கி நடந்தார்கள். பட்டுப் புடவைகள் சரசரத்தன. நாற்காலிகள் படபடவென்று மடங்கின. குழந்தை திரும்பித் திரும்பிப் பார்த்தாள். இத்தனை பெரியவர்கள் ஒரே நேரத்தில் கோபித்துக்கொண்டு வெளியே போகிறார்கள் என்றால், மேடையில் இருப்பவர் ஏதோ பெரிய தப்புதான் செய்திருக்க வேண்டும்.

"ஒரு தப்பும் பண்ணலைடி" என்றார் ரகுபதி. "கேன்டீன்ல கூட்டம் சேர்றதுக்குள்ள போகணும். சீக்கிரம் வா."

அந்தக் கேள்வி இருபத்தெட்டு வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்து அவர் சட்டையைப் பிடித்தது.

ரகுபதி தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மயிலாப்பூரில் வெளிவரும் 'மாடவீதி' என்ற வாரப் பத்திரிகையில் முப்பத்திரண்டு வருஷமாகக் கச்சேரி விமர்சனம் எழுதுகிறவர். நேர்மையானவர். சபாக்காரர்கள் நீட்டும் ஓசி போண்டாவைக்கூடத் தொடமாட்டார்; தன் காசில்தான் சாப்பிடுவார். பாடகரைப் பற்றி யோசித்து யோசித்து, அடித்து அடித்து எழுதுவார். தாளவாத்தியம் வாசித்தவரைப் பற்றி எழுத வேண்டிய கடைசி வரிக்கு மட்டும் அவரிடம் தயார் நிலையில் மூன்று வாக்கியங்கள் இருந்தன: 'அனுசரணையாக வாசித்தார்', 'விறுவிறுப்புக்குக் குறைவில்லை', 'இரு கைகளும் இழைந்து பேசின.' வெயில் காலத்தில் வத்தல் போட்டு டப்பாவில் வைப்பது போல வைத்திருந்தார். வேண்டும்போது ஒன்றை எடுத்துப் பொரித்துவிடுவார். இதுவரை எந்த மிருதங்கக்காரரும் குறை சொன்னதில்லை.

இந்த வருஷம் ஆவணியில் பத்திரிகை ஆசிரியர் சாய்சரண் அவரைக் கூப்பிட்டனுப்பினான். சாய்சரணுக்கு இருபத்தொன்பது வயது. தாத்தா தொடங்கிய பத்திரிகையை நடத்துகிறான்.

"மாமா, ஒரு ஆல்பம் வந்திருக்கு. சினிமாப் பாட்டு விமர்சனம் எழுதற விக்கிக்கு டெங்கு. நீங்க எழுதிக் குடுத்துடுங்கோ."

"யார் பாடினது?"

"கலீமுல்லா. ராக் பாடகர். எழுபத்தொரு வயசு."

"ராக்கா! எனக்கு அதுல என்னடா தெரியும்?"

"சங்கீதம்தானே மாமா? ஏழு ஸ்வரத்துக்கு மேல அவாகிட்டயும் கெடையாது. பாவம், அவரே ஸ்கூட்டர்ல வந்து ஒவ்வொரு பத்திரிகை ஆபீஸா குடுத்துண்டு போறார். லிஃப்ட் வேற வேலை செய்யலை. மூணு மாடி ஏறி வந்து மூச்சு வாங்கிண்டு நின்னார்."

மூன்று மாடி என்றதும் ரகுபதிக்கு மறுக்க மனம் வரவில்லை. குறுந்தகட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

ராயப்பேட்டைக்காரரான கலீமுல்லா ஐம்பது வருஷத்துக்கு முன்னால் 'டிராம் ஷெட்' என்ற குழுவில் பாடினவர். அந்தக் காலத்தில் கல்லூரி விழாக்களில் அவர் மேடையேறினால் பெஞ்சு உடையும் என்பார்கள். பிறகு ஹோட்டல்களில் பாடினார். பிறகு பாடவில்லை. இப்போது முப்பத்தொரு வருஷம் கழித்து, 'இன்னும் கொஞ்சம் சத்தம்' என்ற தலைப்பில் எட்டுப் பாட்டு, எல்லாம் தமிழில். வந்த இரண்டு வாரத்தில் விமர்சகர்கள் அதைத் துவைத்துக் காயப் போட்டிருந்தார்கள். ஒரு இணையதளம் 'பென்ஷன் ராக்' என்றது. இன்னொன்று ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் கொடுத்து, அதில் ஒன்று வயதுக்காக என்று விளக்கமும் கொடுத்தது. யூட்யூபில் ஒரு பையன், "தாத்தா, மைக்க கீழ வெச்சுட்டு மாத்திரையப் போடுங்க" என்று சொல்லி ஒரு லட்சம் பேரைச் சிரிக்க வைத்திருந்தான்.

ரகுபதி இவை எதையும் படிக்கவில்லை. நான்கு நாள், நாளுக்கு இரண்டு பாட்டு என்று, குளித்துவிட்டு நெற்றிக்கு இட்டுக்கொண்டு உட்கார்ந்து கேட்டார். முதல் நாள் கீழ்வீட்டு மாமி மாடிப்படியில் நின்று, "உங்காத்துல ஏதாவது இடிக்கறேளா?" என்று விசாரித்தாள். இரண்டாம் நாள் அவர் மனைவி காதில் பஞ்சு வைத்துக்கொண்டு கீரை ஆய்ந்தாள். மூன்றாம் நாள் ரகுபதிக்கே ஆச்சரியமான ஒன்று நடந்தது. பாட்டு அவருக்குப் பிடித்துவிட்டது. கலீமுல்லாவின் குரல் உடைந்திருந்தது. உடைந்த இடத்தை அவர் மறைக்கவில்லை. வீட்டு வாடகை, முழங்கால் வலி, தூக்கம் வராத விடிகாலை என்று அந்த மனிதர் தொண்டை கட்டக் கட்டப் பாடியதில் ஒரு பொய்கூட இல்லை.

ஆறாவது பாட்டின் பெயர் 'கரண்ட் கட்'. பாதியில் மின்சாரம் போய்விட்டதாகப் பாட்டில் வரும். கிதார் நிற்கும். கீபோர்டு நிற்கும். மைக் செத்துப்போய்க் குரலும் நின்றுவிடும். மின்சாரம் வேண்டாத வாத்தியம் ஒன்றுதான். டிரம்ஸ் மட்டும் தனியாக ஒன்பது நிமிஷம்.

டிரம்ஸ் தனியாக ஒலித்தது. ரகுபதியின் கால்கள் எழுந்துகொண்டன. அவர் எழுந்திருக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும், கால்கள்தான் எழுந்தன. நாற்பது வருஷப் பழக்கம். சமையலறைக்குப் போய்ப் பாலைச் சுடவைத்து, டிகாக்ஷன் சேர்த்து, நுரை வர ஆற்றி, நின்றபடியே குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அவர் திரும்பி வந்தபோது மின்சாரம் வந்து, பாட்டும் வந்து, முடியப்போகிற நேரமாகிவிட்டது.

விமர்சனம் வெளிவந்தது. ராக் இசைக்கு அப்படி ஒரு விமர்சனம் அதற்கு முன் எழுதப்பட்டிருக்க முடியாது. 'கலீமுல்லாவின் சாரீரம் மேல்ஸ்தாயியில் கரகரத்தாலும், கரகரப்புக்குள்ளும் பக்தி இருக்கிறது' என்று எழுதியிருந்தார். 'கிதார் சில இடங்களில் பாடகரைத் தாண்டி ஓடியது. பக்கவாத்தியம் பக்கத்தில் இருப்பதே அழகு' என்றும் 'மங்களம் பாடாமல் முடித்தது ஒரு குறை' என்றும் எழுதியிருந்தார். கடைசி வரி: 'டிரம்ஸ் வாசித்த ஜனாப் அப்துல் சமத்தின் தனியில் இரு கைகளும் இழைந்து பேசின.'

யாரோ அதைப் படமெடுத்து இணையத்தில் போட்டார்கள். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் சிலர், 'கரகரப்புக்குள் பக்தியா, அது என்ன?' என்று பாட்டைப் போய்க் கேட்டார்கள். கேட்டவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். பத்து நாளில், தாத்தாவுக்கு மாத்திரை சொன்ன பையனே இன்னொரு வீடியோ போட்டு, தான் அவசரப்பட்டுவிட்டதாகச் சொன்னான். சாய்சரண் போன் செய்து, "மாமா, நீங்க வைரல்" என்றான். டெங்கு, வைரல் என்று ஜுரத்தின் பெயராகவே அந்தச் சொல்லைக் கேட்டுப் பழகியிருந்த ரகுபதி ஒரு கணம் பயந்துபோனார்.

அந்த வெள்ளிக்கிழமைதான் அடையாறிலிருந்து சாருலதா பேசினாள்.

"அப்பா, ஆஃபீஸ்ல எல்லாரும் உன் விமர்சனத்தைப் பத்தித்தான் பேசறா. பெருமையா இருக்கு. ஆனா ஒண்ணு கேக்கணும். 'கரண்ட் கட்' முழுசாக் கேட்டியா?"

"கேக்காம எழுதுவேனா?"

"டிரம்ஸ் சோலோ?"

ரகுபதி தொலைபேசியை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"மூணாவது நிமிஷத்துல அந்த டிரம்ஸ் வாசிக்கறவர் நடுவுல பேசறார்ப்பா. 'லெஃப்ட் கை ரெண்டு வருஷமா லீவு மச்சி. ரைட்டு மட்டும்தான் டூட்டி'ன்னு சொல்லிட்டுச் சிரிக்கறார். அவருக்குப் பக்கவாதம். ஒத்தைக் கையால வாசிக்கறார். நீ ரெண்டு கையும் இழைஞ்சு பேசித்துன்னு எழுதியிருக்கே."

ரகுபதி குரலைத் தாழ்த்தினார். "யாராவது… கண்டுபிடிச்சுட்டாளா?"

"அதான் வேடிக்கை. ஒருத்தரும் கண்டுபிடிக்கலை. அந்த ஒம்பது நிமிஷத்தை எல்லாரும் தள்ளிட்டு மேல போயிடறா. நான் கேட்டேன்." பிறகு கேட்டாள்: "காபியாப்பா?"

"ம்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அன்று இரவு ரகுபதிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஊரே காபி குடிக்கப் போயிருந்தது என்பது ஆறுதலாக இல்லை. ஊர் விமர்சனம் எழுதவில்லை, அவர் எழுதினார். மறுநாள் காலை வெள்ளைத் தாளில் நாலு வரி எழுதினார். 'அண்மையில் இந்தப் பத்திரிகையில் வெளியான எனது விமர்சனத்தில், நான் கேட்காத ஒரு பகுதியைக் கேட்டதாக எழுதிவிட்டேன். வாசகர்களும் கலைஞரும் மன்னிக்க வேண்டும்.' சாய்சரண் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"போட்டுடலாம் மாமா. எட்டாம் பக்கத்துல, அப்பள விளம்பரத்துக்குக் கீழ எடமிருக்கு. வியாழக்கிழமைக்குள்ள முடிவு பண்ணிச் சொல்லுங்கோ. ஆனா முதல்ல அவர்கிட்ட நேர்ல ஒரு வார்த்தை சொல்லிடறது மரியாதையில்லையோ?"

மரியாதைதான். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, திங்கட்கிழமை மதியம் திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறினார். கபாலியையும் நங்கநல்லூர் ஆஞ்சநேயரையும் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டே சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கினார்.

அப்துல் சமத் அங்கே ஸ்பீக்கர் பெட்டி ரிப்பேர் கடை வைத்திருந்தார். கடை என்பது ஒரு ஆள் அகலம். இரண்டு பக்கமும் வயிறு கிழிந்த ஸ்பீக்கர்கள் அடுக்கியிருந்தன. நடுவில் ஒரு ஸ்டூலில், எழுபது வயதுக்காரர் ஒருவர், செயலற்ற இடது கையை மடியில் குழந்தை மாதிரி படுக்கவைத்துக்கொண்டு, வலது கையால் ஸ்க்ரூ திருகிக்கொண்டிருந்தார். எதிரில் கறுப்புச் சட்டையும் வெள்ளைத் தலைமயிரைக் கட்டிய ரப்பர் பேண்டுமாகக் கலீமுல்லா. அவர்களுக்குப் பின்னால் சுவரில், காலண்டருக்கு மேலே, லேமினேஷன் செய்யப்பட்ட விமர்சனம். கடைசி வரியின் கீழே மட்டும் சிவப்பு மையில் கோடு.

"சார் யாரு?" என்றார் சமத்.

"ரகுபதி. மாடவீதி பத்திரிகை…"

ஸ்க்ரூ டிரைவர் கீழே விழுந்தது. "அல்லா! கலீமு, யாரு வந்துகீறாருன்னு பாருடா! குந்துங்க சார், குந்துங்க. இன்னா சார் நீங்களே வந்துட்டீங்க, நான் வரவேண்டியது! ஹாஜிரா! டீ! பால் கெட்டியா!"

கடைக்குப் பின்னாலேயே வீடு. சமத்தின் மனைவி ஹாஜிரா பீ திரையை விலக்கி எட்டிப் பார்த்தாள். "இவருதானா அது? சார், எங்க வூட்டுக்கு வர்றவங்க ஒருத்தர் பாக்கி இல்லாம அத்தைப் படிச்சுக் காட்டியாச்சு. கேஸ் சிலிண்டர்காரன் மூணு தபா கேட்டுட்டான். இப்பல்லாம் சிலிண்டர வாசல்லயே வெச்சுட்டு ஓடிப்போறான்."

"அவனுக்கு இன்னா தெரியும்?" என்றார் சமத். "சார், ஸ்ட்ரோக்கு வந்து ரெண்டு வருஷம் சுவத்தப் பாத்துக்கினு குந்திக்கினு இருந்தேன். கடைய தொறக்கல. இந்தக் கலீமு வந்து, 'ஒரு கை கீதுல்ல, வாடா'ன்னு இஸ்துக்கினு போனான். வாசிச்சேன். வூட்டுக்கு வந்து அழுதேன். பாதி வாசிப்புதானே, கேக்கறவன் சிரிப்பானேன்னு. அப்புறம் நீங்க எழுதினீங்க. நாப்பது வருஷமா சபாவுல குந்திக் கேட்ட காது. அந்தக் காதுக்கு ரெண்டு கையா கேட்டுச்சுன்னா, அப்ப நான் முழுசாத்தானே சார் வாசிச்சுக்கீறேன்?"

ரகுபதி சட்டைப் பையைத் தொட்டார். தாள் மொடமொடவென்றது.

"சமத் பாய், நான் ஒரு விஷயம் சொல்லணும். அதுக்குத்தான் வந்தேன். அந்தக் கடைசி வரியில…"

"சார், டீ ஆறுது" என்றார் கலீமுல்லா.

"இல்லை, இதைச் சொல்லிட்டு…"

"ஆறிப்போன டீயக் குடிச்சா தொண்டை கெட்டுப்போவும் சார். என்னையப் பாருங்க." எல்லோரும் சிரித்தார்கள். ரகுபதி டீயைக் குடித்தார். பால் கெட்டியாக இருந்தது. அதற்குப் பிறகு சமத் அவரைப் பேசவிடவில்லை. மிருதங்கத்துக்கும் டிரம்ஸுக்கும் என்ன உறவு, மயிலாப்பூரில் எந்தச் சபா ஸ்பீக்கர் மட்டம் என்று ஒரு மணி நேரம் பேசினார். புறப்படும்போது, நல்ல நிலையிலிருந்த ஒரு ஜோடி ஸ்பீக்கரைத் தூக்கிக் கொடுக்கப் பார்த்தார். ஓசி போண்டாவைத் தொடாத ரகுபதி மிகவும் கஷ்டப்பட்டுத் தப்பித்தார்.

ஸ்டேஷன் வரைக்கும் வழியனுப்பக் கலீமுல்லா கூடவே வந்தார். கூவத்தின் வாடை அடித்தது. பாலத்தருகே நின்று, எந்த முகாந்திரமும் இல்லாமல் கேட்டார்: "டீயா சார், காபியா?"

ரகுபதிக்குப் புரிந்துவிட்டது. "காபி" என்றார் மெல்ல. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஹோட்டல்ல பாடினவன் சார் நானு. டிரம்ஸ் சோலோ ஸ்டார்ட் ஆச்சுன்னா அத்தனை டேபிளும் சர்வரக் கூப்பிடும். அவங்கள விடுங்க. நானே பின்னால போய் ஒரு தம் போட்டுட்டு வருவேன். இருவது வருஷம் சார். என் மச்சி வாசிச்சத நானே ஒரு தபாகூட முழுசாக் கேட்டதில்ல. ரெக்கார்டிங் அன்னிக்குத்தான் கேட்டேன். அங்க தம்மடிக்கக் கூடாதுன்னு போர்டு வெச்சிருந்தான்."

ரகுபதிக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினார். கலீமுல்லா கண்ணாடியை மேலே தூக்கிப் படித்தார்.

"நல்ல தமிழு. போடப் போறீங்களா?"

"போடலைன்னா அது பொய்யில்லையா?"

"பொய்தான். போட்டீங்கன்னா அவன் சிரிச்சுக்கினே, 'பரவால்ல சார்'னுவான். அப்புறம் சுவத்துல இருக்கறதக் கழட்டி உள்ள வெச்சுருவான். அவ்ளோதான்." தாளை அதே மடிப்பில் மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "நீங்க எழுதிட்டீங்க. இன்னும் கேக்கல. ஆர்டர் மாறிப்போச்சு சார், வேற இன்னா?"

ரயில் வந்துவிட்டது.

வியாழக்கிழமை பிரதோஷம். நாலு மணிக்கே மாடவீதிகளில் கூட்டம் நெரிந்தது. மனைவி வில்வமும் பாலும் எடுத்துக்கொண்டு, "கிளம்பலையா?" என்றாள். எந்தப் பிரதோஷத்தையும் தவறவிடாத மனிதர், "நீ போயிட்டு வா. எனக்கு இங்க ஒரு வேலை பாக்கி இருக்கு" என்றார். அவள் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, ஜுரமில்லை என்று உறுதிசெய்துகொண்டு போனாள். கீழ்வீட்டு மாமியும் கூடப் போய்விட்டாள்.

ரகுபதி காபி போட்டார். போட்டு முடித்த பிறகுதான் எதற்கென்று நினைவு வந்தது. டம்ளரைச் சமையலறை மேடையிலேயே மூடி வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். 'கரண்ட் கட்' ஓடியது. கிதார் நின்றது. கீபோர்டு நின்றது. குரல் நின்றது. கால்கள் எழுந்தன. இரண்டு முழங்கால்களையும் கையால் அழுத்தி, "உக்காருங்கோ" என்றார், பெரியவர்களிடம் சொல்வது போல. உட்கார்ந்தன.

பிரதோஷ வேளையில் ஈசன் நந்தியின் கொம்புகளுக்கு நடுவே ஆடுகிறான், நந்திதான் மத்தளம் வாசிக்கிறது என்பார்கள். தேவர்கள் எல்லோரும் சுற்றி நின்று பார்ப்பார்களாம். ஒருவரும் எழுந்து போனதாக எந்தப் புராணத்திலும் இல்லை என்று அவருக்கு அன்றைக்குத்தான் தோன்றியது.

முதல் இரண்டு நிமிஷம் வெறும் சத்தமாக இருந்தது. மூன்றாவது நிமிஷத்தில் சமத்தின் குரல் வந்தது. "லெஃப்ட் கை ரெண்டு வருஷமா லீவு மச்சி. ரைட்டு மட்டும்தான் டூட்டி." பின்னால் யாரோ சிரித்தார்கள். கலீமுல்லாவாக இருக்கும். அதன் பிறகுதான் ரகுபதிக்குக் காது திறந்தது. ஓர் அடி. ஓர் இடைவெளி. ஓர் அடி. அந்த இடைவெளி சும்மா விட்ட இடைவெளி இல்லை. சரியாக ஓர் அடியின் அளவு. வேலைக்கு வராத கைக்கும் இலை போட்டு, தண்ணீர் தெளித்து, இடம் வைத்திருந்தார் அந்த மனிதர். ஒரு இடத்திலும் அதை வலது கையால் நிரப்பவில்லை.

கச்சேரியில் தாளம் போடுவது ரகுபதியின் வலது கை. இடது கை நோட்டுப் புத்தகத்தைப் பிடித்திருப்பதைத் தவிர வேறெதுவும் செய்ததில்லை. இப்போது அது தானாகவே எழுந்து நாற்காலிக் கையின் மேல் ஒரு தட்டுத் தட்டியது. சரியாக இடைவெளியில் விழுந்தது. அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. அங்கே ஓர் அடி. இங்கே ஒரு தட்டு. அங்கே இரண்டு, இங்கே ஒன்று. ஆறாவது நிமிஷத்தில் சமத் வேகமெடுத்தார். ரகுபதி தடுமாறினார், பின்தங்கினார், வாய்விட்டுச் சிரித்தார், ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டார். கோயில் பக்கத்திலிருந்து நாகஸ்வரம் கேட்டது. அது ஒரு தாளத்தில் போனது. இவர்கள் இருவரும் வேறொரு தாளத்தில் போனார்கள்.

ஒன்பதாவது நிமிஷத்தில் மின்சாரம் வந்தது. கிதார் ஓடி வந்தது. கலீமுல்லா தொண்டை கிழியப் பாடி முடித்தார்.

ரகுபதி எழுந்து சமையலறைக்குப் போனார். காபி ஆறி ஏடு படிந்திருந்தது. சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்து மேடைமேல் வைத்து, அதன்மேல் டம்ளரை வைத்து எடுத்து, வைத்து எடுத்து, நின்றபடியே அந்த ஆறின காபியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். எழுத்தின்மேல் வட்ட வட்டமாகக் கறை ஏறியது. இனி அதை எட்டாம் பக்கத்துக்கு அனுப்ப முடியாது. டம்ளரைக் கழுவப் போனபோதுதான் கவனித்தார். இடது உள்ளங்கை நன்றாகச் சிவந்திருந்தது.